ஓடைக்கு அந்தப் பக்கத்து உண்ணிகள்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, அருவருப்பு கிடையாது. முதல் சில வாரங்கள் இருந்தது, போய்விட்டது. கேட்பவர்களிடம் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். உண்ணியை அரைக்கும்போது ஒரு சத்தம் வரும், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று பதினோரு ட்யூப். ஒவ்வொன்றிலும் இருபது உண்ணி, இரண்டு எஃகு மணி. இயந்திரம் குலுக்கத் தொடங்கியதும் ஓடு நொறுங்கும். பிறகு சத்தம் மங்கி, சிவப்புக் கூழ். அது மாட்டு ரத்தமாக இருக்கலாம், எலி ரத்தமாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் வைரஸைப் பிரித்து அதன் மரபெழுத்துகளைப் படிப்பதுதான் நான் மூன்று வருடமாகச் செய்வது.

"காலையிலேயே கொலைய ஆரம்பிச்சாச்சா?" என்றாள் லேப் அக்கா. தினமும் இதே வரவேற்பு.

அண்ணனுக்கு ஒருமுறை இப்படி விளக்கினேன்: வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விடும். அந்தப் பிழை பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும். ஒரே பிழை இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டும் சொந்தம். பிழைகளைப் பார்த்தே வம்ச மரம் வரையலாம். ஓர் இடத்தில் வகை அதிகமாக இருந்தால், அங்கே நெடுநாளாகக் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப அவள எது கொன்னதுன்னு சொல்லிடுவியா?"

உன் அண்ணி என்று சொல்லவில்லை. என் பொண்டாட்டி என்றும் சொல்லவில்லை. அண்ணி செத்துப் போன இரண்டு வருடமாக இப்படித்தான்.

இந்தப் பருவத்தில் ஊரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். எல்லோருக்கும் காய்ச்சல், ஈறில் ரத்தம், கண்ணில் ரத்தம். அண்ணிக்கு வந்ததும் அதேதான்.

மார்ச் 6, வெள்ளி

மரம் வந்துவிட்டது. திரையில் பார்த்தபோது லேப் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷம்தான்.

நாற்பத்தொன்பது ட்யூப். நாற்பத்து மூன்று ஓடைக்கு அந்தப் பக்கம், போன வருடம் வெளியூரிலிருந்து வந்து தங்கிய மாட்டுக்காரர்களின் பட்டியிலிருந்து எடுத்தவை. ஆறு இந்தப் பக்கம், ஊரை ஒட்டிய காட்டிலிருந்து.

ஏன் ஆறுதான்? காட்டில் வெள்ளைத் துணியைத் தரையோடு இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக நடக்க வேண்டும். துணியில் ஒட்டுவதைப் பொறுக்க வேண்டும். அண்ணன் வேலை செய்யும் மர அறுவை ஆலையின் ஆட்கள் லாரியில் போகும்போதெல்லாம் கத்துவார்கள். "துணி துவைக்க ஓடை அந்தப் பக்கம்மா!" இரண்டு நாள் இழுத்தேன், விட்டுவிட்டேன்.

பட்டியில் எல்லாம் சுலபம். மாட்டுக்காரர் தானே மாட்டின் கொம்பைப் பிடித்து, தலையைத் தன் தொடையோடு அணைத்துக்கொள்வார். நான் காது மடலிலும் கழுத்தில் தொங்கும் அலைதாடியிலும் இடுக்கியால் எடுப்பேன். "வா உண்ணிப் பொண்ணு" என்பார். "அது எங்க மாட்டக் குடிக்குது, நீ அதக் குடிக்கிற. உன்ன யாரு குடிக்கப் போறாங்களோ." அவர் மனைவி சிரிப்பாள். அவர் பிடித்தால் மாடு அசையாது. ஒரு நாளில் பத்து ட்யூப் நிறைந்துவிடும்.

அறிக்கையில் 'மாதிரிகள் வசதி கருதிச் சேகரிக்கப்பட்டன' என்று எழுதியிருக்கிறேன். ஒற்றை வரி.

முடிவு: வகை அதிகம் அந்தப் பக்கம். மூலம் அந்தப் பக்கம். வரைபடத்தில் அம்பு ஓடையைத் தாண்டி ஊருக்குள் நுழைகிறது. அம்புக்கு நிறம் கேட்டது மென்பொருள். சிவப்பு என்றேன்.

மார்ச் 9, திங்கள்

பேராசிரியர் ஊர் அதிகாரிகள் கூட்டத்தில் என் வரைபடத்தைக் காட்டினார். 'இது முதல் கட்ட முடிவு மட்டுமே' என்று சொன்னார். மெதுவாகச் சொன்னார். தேநீர் இடைவேளை முழுக்கப் படம் திரையிலேயே இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார். நான் வரைந்ததை ஒருவர் படம் எடுக்கிறார் என்று பெருமைப்பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணன் சாப்பிட உட்காரும்போதே கைப்பேசியை நீட்டினான். என் வரைபடம். என் சிவப்பு. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: வந்த வழி இது. இதே வழியா அனுப்புவோம்.

"ஆலை முழுக்க இதுதான். என் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன் பாப்பா."

"அண்ணா, அது முடிவான விஷயம் இல்ல."

"படம் போட்டிருக்கியே."

"அண்ணி போய் பத்து மாசம் கழிச்சுத்தானே அவங்க இங்க பட்டியே போட்டாங்க. யோசிச்சுப் பாரு."

தட்டைத் தள்ளினான். "அந்தக் கணக்கெல்லாம் உன் லேப்போட வச்சுக்க. அவ வாயில ரத்தத்தத் துடைச்சது நான்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். எழுந்து கைப்பேசியை வாங்கி உடைத்திருக்கலாம். பேராசிரியரை எழுப்பிக் கத்தியிருக்கலாம். பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 12, வியாழன்

பதினொன்றரை மணிக்கு லேப் சன்னலில் புகை. ஓடைப் பக்கம்.

"போகாத" என்றாள் அக்கா. போனேன்.

கூட்டம் கலைந்திருந்தது. அவர்கள் கடந்து போன ஓடையில் சேற்றுக் கலங்கல் இன்னும் அடங்கவில்லை. பட்டி எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மாடுகள். பின்னங்கால் நரம்பை அறுத்திருக்கிறார்கள். முன்னங்கால் எழுகிறது, உடம்பு எழவில்லை, சாய்கிறது. மறுபடி முன்னங்கால். அவை கத்தவில்லை. பெரிதாக மூச்சு விட்டன. பன்னிரண்டு மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

மாட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியருகே கிடந்தார். முகம் இருந்த இடத்தை ஒருமுறைதான் பார்த்தேன். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. பற்கள் தொட்டிக் கல்லில். பிறகு கைகளைப் பார்த்தேன், பார்க்கக்கூடியது அதுதான் என்பதால். இரண்டு மேற்கையிலும் விரல் தடங்கள், நீலம் பாரித்துக்கொண்டு. யாரோ பின்னால் நின்று அசையவிடாமல் பிடித்திருக்கிறார்கள்.

உடல் ஆறினால் உண்ணி விட்டு இறங்கும். படித்திருக்கிறேன். இன்று பார்த்தேன். முதலில் செத்த மாட்டின் காதிலிருந்து ஒன்று, அதன் பின் ஒன்று, அதன் பின் ஒன்று. புல்லுக்குள். அந்தப் புல் முழுக்க மனிதர்களின் கால் மிதித்து மடங்கியிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

பேராசிரியர் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுக்கவில்லை.

மார்ச் 14, சனி

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல். மாட்டுக்காரரின் மனைவி சுவரோடு குந்தியிருந்தாள். ஒரு பக்கத் தலைமுடி கருகிப் போயிருந்தது. நான்கடி தள்ளி நின்றேன். அவளே எழுந்து வந்தாள்.

"அந்தப் படம் நீ போட்டதாமே?"

"ஆமா."

"நீ கேட்டப்பல்லாம் மாட்டப் பிடிச்சுக் குடுத்தாரே."

"ஆமாக்கா."

அறைந்தாள். காதுக்குள் வெகுநேரம் ஒரு விசில். இன்னொன்று அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. போய்ப் பழையபடி குந்திக்கொண்டாள்.

போலீஸ் வழக்கு எழுதியிருக்கிறது. 'அடையாளம் தெரியாத நபர்கள்.' பட்டப்பகல், முப்பது நாற்பது பேர், ஒருவரையும் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனைக் கேட்டேன். "ஆலையில இருந்தேன்" என்றான். வியாழக்கிழமை ஆலையில் மின்சாரம் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

மார்ச் 16, திங்கள்

சனி மாலையும் ஞாயிறு முழுவதும் துணி இழுத்தேன். லேப் அக்கா கூட வந்தாள். லாரியில் போனவர்கள் இந்த முறை ஒன்றும் கத்தவில்லை.

அக்கா பேசிக்கொண்டே வந்தாள். "பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. இங்க இவ்வளவு ஒட்டுது, நீ அன்னைக்கு ரெண்டே நாள்ல துணிய மடிச்சு வச்சிட்ட."

"தெரியும்க்கா."

"குத்திக் காட்டணும்னு சொல்லல."

"சொல்லுங்க. பரவால்ல."

முப்பத்தொரு ட்யூப் நிறைந்தது. இந்தப் பக்கம் மட்டும்.

இன்னொரு ட்யூபையும் எடுத்தேன். மைனஸ் எண்பது ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் இரண்டு வருடமாக இருப்பது. எண் மட்டும்தான் எழுதியிருக்கும். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டது அண்ணன். அண்ணியின் ரத்தம். மாட்டுக்காரர்கள் வருவதற்குப் பத்து மாதம் முந்தையது. முந்தைய மரத்தில் இதைச் சேர்த்திருக்க வேண்டும். திறக்க முடியாமல் தள்ளிப் போட்டேன். துக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உறைந்திருந்தது கையின் சூட்டில் இளகியது. இரண்டு நிமிடம். சிவப்பு மாறவே இல்லை.

மார்ச் 18, புதன்

காய்ச்சல் வார்டில் ஒரே நாளில் நான்கு பேர், டாக்டர் கூப்பிட்டனுப்பினார். எல்லாம் ஆண்கள், எல்லாம் திடகாத்திரம், மூன்று பேர் அறுவை ஆலை. கணுக்காலிலும் முழங்கால் பின்னாலும் உண்ணிக் கடி.

வார்டு டாக்டர் கேட்கிறார்: போன வாரம் எங்கேயாவது புல்லுக்குள்ள போனீங்களா?

"இல்ல டாக்டர். வீட்லதான் இருந்தேன்."

அடுத்த கட்டில். "வீட்லதான்."

அதற்கடுத்தது. "எங்கயும் போகல. வீடு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இந்த ஊர்ல வீட்டுக்குள்ளதான் புல்லு முளைக்குது போல" என்றார். சிரிப்பு வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

மார்ச் 19, வியாழன்

அண்ணனுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று.

சட்டையைக் கழற்றித் துடைக்கும்போது இடுப்புக்கு மேல் ஒரு கறுப்புப் புள்ளி. கடித்து, குடித்து, விட்டு விழுந்த தடம். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு என்று கட்டில்கள் நிறைந்திருந்தன. இவன் எட்டு.

டாக்டர் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வீட்லதான் இருந்தேன்."

மார்ச் 21, சனி

புதிய மரம்.

அடியில் இருக்கும் கிளை அண்ணி. அவளுக்கு அடுத்து, சுற்றிலும், இந்தப் பக்கத்து முப்பத்தேழு ட்யூப். ஒன்றைப் போல ஒன்று இல்லை. பழைய, கிளைத்த, கிளைத்துக் கிளைத்து நெடுங்காலம் இருந்த கூட்டம். இது நம் காடு. நம் விறகு, நம் எலி, அண்ணி துணி உலர்த்திய வேலிக்குப் பின்னால் இருக்கும் புதர்.

பட்டியின் நாற்பத்து மூன்றும் அதில் ஓர் ஓரத்துத் துளிர். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. நாற்பத்து மூன்று முறை ஒரே ஆளை எண்ணிவிட்டுப் பெரிய குடும்பம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் துளிருக்கென்று மூன்றே மூன்று எழுத்து மாற்றம், வேறு எந்தக் கிளையிலும் இல்லாதது.

ஆக, நம்மிடமிருந்து அவர்களுக்குப் போயிருக்கிறது. அம்பு திரும்பி நிற்கிறது.

திரையை அணைத்தேன். மறுபடி போட்டேன். அப்படியேதான் இருந்தது.

மார்ச் 23, திங்கள்

வார்டிலிருந்து எட்டு ரத்தம் வந்தது. பெயர் இல்லை, எண். சிகிச்சைக்காக எந்த வகை என்று பார்க்கச் சொல்லி.

எட்டிலும் அந்த மூன்று எழுத்து.

ஓடையைத் தாண்டக் கூடாது என்று டிசம்பரிலேயே ஊர் மன்றம் மாடுகளுக்குத் தடை போட்டது. இந்தக் கரையில் நான் பொறுக்கிய ஒரு உண்ணியிலும் அந்த மூன்று எழுத்து இல்லை. எட்டு பேரும் அந்தக் கரையில் கடி வாங்கியிருக்கிறார்கள். எட்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

எட்டாம் எண்ணை மூன்று தடவை மறுபடி ஓடவிட்டேன். இயந்திரம் தவறு செய்யும் என்று எதிர்பார்த்து. என்னைவிட அது ஒழுங்கு.

மார்ச் 24, செவ்வாய்

பேராசிரியரிடம் இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்.

"திருத்தம் போட்டுடலாம்மா. அடுத்த கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு."

"படத்தப் பெரிசாத்தானே சார் காட்டினோம்."

"அதுக்கு?"

"திருத்தம் மட்டும் எதுக்கு அடிக்குறிப்பு?"

பிறகு எட்டு எண்களைக் காட்டினேன். அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இத வெளிய கொண்டு போகாத. நோயாளியோட ரத்தம். வைத்தியத்துக்குக் குடுத்தது, சாட்சி சொல்லக் குடுக்கல. நம்ம வேலை வைரஸ். ஆள் இல்ல."

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவனுக்கு எதிராக ரத்தத்தைப் பேசவைத்தால் நாளை எவனும் ஊசிக்குக் கை நீட்ட மாட்டான். ஒத்துக்கொண்டேன். எட்டு எண்ணும் என் மேசை இழுப்பறைக்குள்.

மார்ச் 25, புதன்

கூட்டத்துக்கு வந்திருந்த எல்லோருக்கும் புதிய வரைபடம் அனுப்பினேன். முந்தையது பிழை, பிழை என்னுடையது என்று தொடங்கி, எப்படி என்று எட்டு வரி. முன்வரிசைக்காரருக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. யாருக்கும் அனுப்பவில்லை போல. ஆலைக்காரர்களின் கைப்பேசியில் இன்னும் பழைய அம்புதான்.

மார்ச் 26, வியாழன்

காய்ச்சலின் எட்டாம் நாள். அண்ணனின் மூக்கிலிருந்து நிற்காமல் ரத்தம். பஞ்சு வைத்தால் தொண்டை வழியே இறங்கி, இருமி, சுவர் வரை தெறித்தது. என் கண்ணாடியில். நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். திமிறினான். மரக்கட்டை தூக்குகிற உடம்பு. "விடு, விடுடா" என்று கத்தினான். மூன்றாம் கட்டில்காரர் காலையில் செத்துப் போயிருந்தார், அதைப் பார்த்திருக்கிறான்.

மதியம் அடங்கியபோது நான் மட்டும் இருந்தேன். கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவப்பு. ஆனால் தெளிவு இருந்தது. காய்ச்சல் நூறுக்குக் கீழே. உளறல் இல்லை. இதை நான் நிச்சயமாக எழுத வேண்டும்: உளறல் இல்லை.

"பாப்பா. நான் அடிக்கல."

துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"கையத்தான் பிடிச்சேன். பின்னாலேர்ந்து. அடிச்சது அவனுங்க. நான் பிடிக்க மட்டும்தான் செஞ்சேன்."

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"திரும்பிப் பாக்கப் பார்த்தான். யாரு பிடிச்சிருக்கான்னு." கண்ணை மூடிக்கொண்டு: "பாக்க விடல."

பிடித்தால் அசையாது. அவர் மாட்டைப் பிடித்ததும் அப்படித்தான், தலையைத் தொடையோடு அணைத்து, எனக்காக.

"அது யாருன்னு உனக்குத் தெரியுமாண்ணா? மாட்டப் பிடிச்சுக் குடுத்தவரு. நான் சொல்லியிருக்கேன். உண்ணிப் பொண்ணுன்னு கூப்பிடுவாருன்னு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. பிறகு தொட்டேன்.

மார்ச் 28, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துவிடுவான் என்கிறார் டாக்டர். சந்தோஷமாக இருக்கிறது. இருக்கத்தானே செய்யும்?

மார்ச் 29, ஞாயிறு

பகல் முழுக்க வார்டு பெஞ்சில்.

ரத்தத்தைப் பேசவைக்க எனக்கு உரிமை இல்லை. சரி. ஆனால் அன்று பேசியது ரத்தம் இல்லை. வாய். என்னிடம் சொன்னான், தங்கையிடம், நம்பி. நம்பிச் சொன்னதைக் கொண்டு போய்க் கொடுக்கலாமா?

அவரும் நம்பித்தான் பிடித்துக் கொடுத்தார்.

அண்ணன் போய்விட்டால் எனக்கு வீட்டில் யாரும் கிடையாது. இதையும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொள்ளாமலிருக்க.

மார்ச் 30, திங்கள்

காலை எட்டு மணிக்கு அண்ணனிடம் சொன்னேன். தலையணையைச் சாய்த்து உட்காரவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு.

"ஸ்டேஷனுக்குப் போறேன். நீ சொன்னதச் சொல்லப் போறேன்."

என்னைப் பார்த்தான். கண்ணில் இன்னும் சிவப்பு.

"மத்தவனுங்க பேரும் கேப்பாங்க."

"அத நீ சொல்லு. எனக்குத் தெரியாது."

"என்ன உள்ள வச்சிருவாங்க பாப்பா."

"தெரியும்ணா."

"உனக்கு யாரு இருக்கா?"

கையை நீட்டினான். அடிப்பதற்கா, பிடிப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை, பின்னால் நகர்ந்துவிட்டேன். தண்ணீர்க் குவளைக்காக நீட்டியிருக்கிறான். எடுத்துக் கொடுத்தேன். குடித்தான். வாய் துடைத்தான். துண்டைப் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது.

"போயிட்டு வா" என்றான்.

ஸ்டேஷனில் எழுத்தர் கேட்டார், அவருக்கு நீங்க என்ன வேணும்? தங்கை. பேனாவை வைத்துவிட்டார். "வீட்ல சண்டையாம்மா?" இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்தாயிற்று. மறுபடி எடுத்தார். இரண்டு பக்கம் வந்தது. 'பின்னாலிருந்து பிடித்தார்' என்ற இடத்தில் 'தள்ளினார்' என்று எழுதியிருந்தார். திருத்தச் சொன்னேன். அந்தப் பிழைக்கு அருகில் கையெழுத்துப் போட்டேன், அடியில் இன்னொன்று. முதல் வரைபடத்தின் பிரதி ஒன்றும் கொடுத்தேன், நான் போட்டது என்று எழுதி.

வெளியே பெஞ்சில் மாட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிறாளாம். கருகிய பக்கத்து முடியை வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், நகரவில்லை. நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அவளுக்கு வண்டி வரும்வரை இருந்துவிட்டு, லேப்புக்குப் போய் மீதி ட்யூப்களை அரைத்தேன்.